மருந்துப் பயிரில் நல்ல ரகம் எது? கண்வலிக்கிழங்கை வைத்துச் சில கேள்வி பதில்கள்

மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போடுகிறவர்களும், போடலாமா என்று யோசிக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கண்வலிக்கிழங்கு என்பது செங்காந்தள்தானே?

ஆமாம். நம் மாநில மலர். கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கையாகப் பிரிந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கார்த்திகை வாக்கில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் சொல்வார்கள். விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கீல்வாதத்தில் ‘கவுட்’ என்கிற வகைக்கு அது ஒரு மருந்து. தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் தயோகோல்சிகோசைடு மாத்திரையும் இதன் வழியாகத்தான் வருகிறது. கிழங்கைவிட விதையில் சரக்கு அதிகம் என்பதால் வியாபாரி விதையைத்தான் வாங்குகிறார். கிழங்கு அடுத்த நடவுக்கு.

கையோடு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது கொடிய விஷம், முறிவு மருந்தும் கிடையாது. கிழங்கைச் சாப்பிட்டு உயிர்விட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. விதை காயும் களத்தில் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் விடாதீர்கள்.

நெல்லில் மூட்டைக் கணக்கு. இதில் ‘மகசூல்’ என்று எதைச் சொல்வது?

இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மருந்துப் பயிரில் மகசூல் என்பது எடை மட்டும் இல்லை. எடையை மருந்துச்சத்தின் சதவீதத்தால் பெருக்கி வருவதுதான் உண்மையான மகசூல்.

கணக்குக்காக ஒரு உதாரணம். உங்கள் வயலில் 300 கிலோ விதை, சத்து 0.6 சதவீதம். கோல்சிசின் 1.8 கிலோ. பக்கத்து வயலில் 250 கிலோதான், ஆனால் சத்து 0.8 சதவீதம். அவரிடம் 2 கிலோ. ஆலைக்காரருக்கு அவர் வயல்தான் நல்ல வயல். ஆனால் களத்து மேட்டில் நிற்கும் வியாபாரி இரண்டு பேருக்கும் ஒரே விலைதான் போடுகிறார். எடைக்கு மட்டுமே காசு என்றால் சத்தைப் பார்த்து யார் தேர்வு செய்வார்கள்? இந்தப் பயிரில் ரகத் தேர்வு நகராமல் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இந்த விலை முறை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில பயிர்களில் எடை கூடினால் சதவீதம் குறையும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் பயிர்ப்பெருக்க விஞ்ஞானியின் வேலை. ஒன்றை மட்டும் பார்த்துத் தேர்வு செய்தவர் மற்றதில் கோட்டை விடுவார்.

வருடாவருடம் பெரிய கிழங்காகப் பார்த்து எடுத்து வைக்கிறேன். ரகம் மேம்படும் அல்லவா?

மேம்படாது. நானே இதில் ஏமாந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒருவர் ‘அதிக மகசூல் ரகம்’ என்று விதைக்கிழங்கு விற்றார். ஒவ்வொன்றும் கையை நிறைக்கும். சாதாரணக் கிழங்கைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வந்து, நம்முடைய பழைய கிழங்குக்குப் பக்கத்திலேயே நட்டேன். முதல் வருடம் கொடி வாட்டசாட்டமாக ஏறியது. பூவும் காயும் கூடுதல். ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் வருடம் இரண்டு பக்கக் கிழங்கையும் தோண்டி, தராசில் வைத்து, 60 கிராம் பக்கம் இருந்ததை மட்டும் இரண்டிலும் பொறுக்கி நட்டேன். அந்த வருடம் எது புதுசு, எது பழசு என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. நான் கூடுதல் காசு கொடுத்து வாங்கியது ரகத்தை இல்லை, தீனியை.

கிழங்கு என்பது செடி சேர்த்து வைத்த சோற்று மூட்டை. மூட்டை பெரிதானால் கொடி பெரிதாக வரும். அது பெரிதானதற்கு அந்த இடத்தில் எரு கொஞ்சம் கூட விழுந்தது, வாய்க்கால் பக்கம் ஈரம் நின்றது, பக்கத்துச் செடி செத்து இடம் கிடைத்தது என்று எதுவும் காரணமாக இருக்கலாம். அதெல்லாம் பிறவிக் குணம் இல்லை. நாம் தேட வேண்டியது பிறவிக் குணத்தை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஒரே எடைக் கிழங்கை, ஒரே மண்ணில், ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்தில் நட்டுப் பார்ப்பது. அதுவும் ஒரு வருடம் போதாது.

இன்னும் ஒன்று. நம் வயலில் இருப்பதெல்லாம் கிழங்கிலிருந்து வந்த வாரிசுகள். ஒரே தாயிலிருந்து வந்தவை அச்சு எடுத்தது மாதிரி ஒன்றாகவே இருக்கும். ஒரே தாயின் பிள்ளைகளுக்குள் எத்தனை வருடம் பொறுக்கினாலும் கிடைப்பது அதேதான். வெவ்வேறு ஊர்க் கிழங்கு கலந்து கிடக்கும் வயலில்தான் தேர்வுக்கு அர்த்தம் உண்டு. நல்லவேளையாக நம் வயல்களில் பெரும்பாலும் அப்படித்தான் கலந்து கிடக்கிறது.

சரி, நல்ல செடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பூக்கும் சமயத்திலிருந்து கவனிக்க வேண்டும். அறுவடை முடிந்து குவியலைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

நான் பார்ப்பவை: ஒரு கொடியில் எத்தனை பூ, அதில் எத்தனை காயாகிறது, காய்க்குள் விதை நெருக்கமா அல்லது இடைவெளி விட்டா. இலைக்கருகல் பரவிய சமயத்திலும் பச்சையாக நிற்கிறதா என்பது ரொம்ப முக்கியம். மழை நின்று தண்ணீர் தேங்கிய இடத்தில் அக்கம்பக்கம் அழுகியும் ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றால், அதற்கு உடனே ஒரு கலர் கயிறு கட்டிவிடுங்கள்.

ஒரு ஏக்கரில் 20 செடிக்குக் கயிறு கட்டினால் போதும். வயல் முழுக்கச் சிதறி இருக்கட்டும். வாய்க்கால் ஓரத்திலும் வரப்போரத்திலும் இருப்பதை ஒதுக்குங்கள், அங்கே எல்லாச் செடியும் நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றின் விதையையும் தனித் துணிப்பையில் போட்டு நம்பர் எழுதுங்கள். கிழங்கையும் அதே நம்பரோடு தோண்டி வையுங்கள். அடுத்த ஆடியில், முன்பு சொன்ன மாதிரி ஒரே எடைக்குப் பொறுக்கி நடுங்கள். 20 நம்பரில் பாதிக்கு மேல் அந்த வருடமே சாதாரணமாகிவிடும். வருத்தப்பட வேண்டாம், அதற்குத்தான் இந்த வேலையே.

பூவைப் பார்த்துக் கோல்சிசின் அளவு சொல்ல முடியாதா? நிறம், இதழ் அகலம் என்று?

முடியாது. ஆய்வகம்தான். திரவ நிறப்பிரிகை என்ற முறையில் சதவீதத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் மாதிரி எடுப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு காயிலிருந்து எடுத்து அனுப்பினால் அது அந்தக் காயின் கதை மட்டுமே. ஒரு நம்பரின் எல்லாச் செடி விதையையும் கொட்டிக் கலக்கி, அதிலிருந்து எடுங்கள். எல்லா நம்பருக்கும் ஒரே காய்ச்சல் பதம் இருக்க வேண்டும். ஈர விதையைக் காய்ந்த விதையோடு ஒப்பிட்டால் தண்ணீரைத்தான் அளந்ததாக ஆகும்.

எல்லா நம்பரையும் அனுப்பிக் காசைக் கரைக்காதீர்கள். வயலில் இரண்டு வருடம் தாக்குப்பிடித்த நான்கைந்தை மட்டும் அனுப்புங்கள்.

மகரந்தத்தைக் கையால் சேர்க்கிறோமே, அதற்கும் ரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரொம்பவே சம்பந்தம் உண்டு. காலையில் போய் ஒரு பூவைக் கிட்டே வைத்துப் பாருங்கள். பூ தலைகீழாகத் தொங்கும், ஆறு இதழும் மேலே மடங்கித் தீ நாக்கு மாதிரி நெளிந்திருக்கும். ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்திருக்கும். நடுவில் சூலகத்திலிருந்து கிளம்பும் சூல்தண்டு மட்டும், அடியிலேயே கதவுக் கொக்கி மாதிரி சட்டென்று வளைந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனை, சொந்த மகரந்தப் பைகளுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. தன் மகரந்தம் தன் மேல் விழக் கூடாது என்று செடியே செய்துகொண்ட ஏற்பாடு இது.

காட்டில் பட்டாம்பூச்சி, தேன்சிட்டு மாதிரி ஏதாவது வந்து தொட்டுவிட்டுப் போகும். நெருக்கமாக நட்ட வயலில் அத்தனை பூவுக்கும் அவை போதாது. அதனால் பெண்கள் காலையில் வரிசை வரிசையாக, தூரிகையோ பஞ்சு சுற்றிய குச்சியோ கொண்டு மகரந்தத்தைத் தொட்டு அந்த முனையில் வைக்கிறார்கள். இந்தப் பயிரின் கூலிச் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது.

எனவே இதில் ஒரு செடியைப் பார்த்துத் தேர்வு செய்யும்போது, காய் அதிகம் என்பது செடியின் கெட்டிக்காரத்தனமா, அந்த வரிசையில் வேலை பார்த்த அக்காவின் கெட்டிக்காரத்தனமா என்று யோசிக்க வேண்டும். கேலிக்குச் சொல்லவில்லை. ஒப்பீட்டு வரிசைகளுக்கு மட்டும் ஒரே ஆளை விடுங்கள். ஆசையாக ஒன்று சொல்லட்டுமா: சூல்தண்டு இவ்வளவு வளையாமல், மகரந்தப் பை பக்கம் நிமிர்ந்து நிற்கும் செடி ஒன்று எங்காவது கிடைத்தால் அதை விடாதீர்கள். கோல்சிசின் கொஞ்சம் குறைந்தாலும் கூலியில் மிச்சம் பிடித்துவிடும். நான் இதுவரை பார்த்ததில்லை.

விதை போட்டுச் செடி வளர்த்தால் என்ன? புது ரகம் அதில்தானே வரும்?

சரியான கேள்வி. புதிய குணச் சேர்க்கை விதையில்தான் பிறக்கும். நாம் கையால் சேர்க்கும் ஒவ்வொரு பூவும் ஒரு கலப்புதான், ஒவ்வொரு விதையும் தனித்தனி ஆள். அத்தனையும் ஆலைக்குப் போய் அரைபடுகிறது என்று நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ஆனால் பொறுமை வேண்டும். விதை உறக்கம் அதிகம், முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும். முதல் வருடம் வரும் கிழங்கு கடலைப் பருப்பு அளவுக்குத்தான் இருக்கும். பூவைப் பார்க்க 3, 4 வருடம் ஆகும். நெல்லில் வருடத்துக்கு இரண்டு தலைமுறை பார்க்கிற விஞ்ஞானி, இதில் வேலைக்காலம் முழுவதும் ஏழெட்டுத் தலைமுறைக்கு மேல் பார்க்க முடியாது.

நல்ல செடி ஒன்று கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பெருக்குவது அடுத்த பாடு. ஒரு கிழங்கின் இரண்டு கை நுனியிலும் ஒவ்வொரு முளை. அந்த நுனி உடைந்தால் அந்தக் கை வீண். ஆக வருடத்துக்கு ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 15,000 செடி வேண்டும். ஒரே செடியிலிருந்து தொடங்கி ஒன்றுகூட அழுகாமல் பெருக்கினாலும் அந்த ஏக்கரை நிரப்ப 14 வருடம்! திசு வளர்ப்பில் இந்தக் காலத்தைச் சுருக்கலாம். இந்தப் பயிரில் அந்த வேலைக்குத்தான் முதலில் பணம் போட வேண்டும் என்பேன்.

வேறு மருந்துப் பயிர்களில் யாராவது சாதித்துக் காட்டியிருக்கிறார்களா?

நிறையவே. எனக்குப் பிடித்தது ஆர்ட்டிமிசியா கதை.

சீனாவில் 1967 மே 23 அன்று தொடங்கிய மலேரியா ஆராய்ச்சித் திட்டத்தில் தூ யூயூ என்ற விஞ்ஞானி இந்தச் செடியிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தைப் பிரித்தெடுக்க வழி கண்டார். 2015இல் அதற்கு நோபல் பரிசு. காட்டுச் செடிகளில் பலவற்றில் சத்து ஒன்றுமே இல்லாத அளவுக்குக் குறைவு. இலையின் மேல் இருக்கும் நுண்ணிய சுரப்பி முடிகளில்தான் மருந்து சேர்கிறது. ஆகவே இலை அதிகம், சுரப்பி முடி நெருக்கம், தாமதமாகப் பூத்தல் என்று குறிவைத்துத் தேர்வு செய்தார்கள். சுவிட்சர்லாந்தில் ‘ஆர்ட்டிமிஸ்’ என்ற வீரிய ஒட்டு வந்தது, லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, வாசனைப் பயிர்கள் நிறுவனம் ‘ஜீவன்ரக்ஷா’ கொண்டுவந்தது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் 2010இல் அந்தச் செடியின் மரபணு வரைபடத்தை வெளியிட்டு, எந்த இடங்கள் மருந்து மகசூலைத் தீர்மானிக்கின்றன என்று காட்டியது. அதன் பிறகு நாற்றுப் பருவத்திலேயே இலைத் துணுக்கைச் சோதித்து நல்ல கன்றைப் பிரிக்கலாம் என்றாகிவிட்டது.

அளவைக் கூட்டுவது மட்டும் தேர்வு இல்லை, சரக்கையே மாற்றலாம். டாஸ்மேனியாவில் அபின் கசகசாவில் சடுதிமாற்றம் (மரபணுவில் திடீர் மாற்றம்) செய்து, மார்ஃபினும் கோடீனும் சேராமல் அதற்கு முந்தைய படிகளான தீபேனும் ஒரிபாவினும் தேங்கும் செடியை எடுத்தார்கள். அது எப்படி நடக்கிறது என்பதை 2004இல் விளக்கினார்கள். ஆலைக்கு அதுதான் தேவை. போதைக்காகத் திருடுபவனுக்கும் பயன்படாது.

நம் பக்கத்து உதாரணம் நெல்லைச் சீமை செண்ணா. உலகச் சந்தையில் ‘தின்னவேலி சென்னா’ என்றே பெயர். அங்கே விவசாயிகள் அதை அவுரி என்கிறார்கள், நீலச்சாயம் எடுக்கும் அவுரி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் இலைதான் முதல் சரக்கு. பூத்துவிட்டால் இலை குறையும். அதனால் முதல் பூவைக் கிள்ளிவிடுவது வழக்கம். குஜராத்தின் ஆனந்தில் தாமதமாகப் பூக்கும் செடியைத் தேர்ந்தெடுத்து ரகமாக்கிவிட்டார்கள். கிள்ளுகிற வேலையைச் செடியின் குணத்துக்குள்ளேயே வைத்துவிட்ட மாதிரி.

நித்தியகல்யாணியில் ‘நிர்மல்’, அதிலிருந்து சடுதிமாற்றத்தில் வந்த ‘தவல்’. இரண்டும் வெள்ளைப் பூ. அதற்காக வெள்ளைப் பூவென்றாலே சத்து அதிகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மஞ்சளில் பிரபா, பிரதிபா இரண்டும் கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் விதை நாற்றுகளிலிருந்து பொறுக்கியவை, மஞ்சளின் மருந்துச்சத்தான குர்குமின் 6 சதவீதத்துக்கு மேல். மஞ்சள் விதை கட்டுவதே அபூர்வம், அந்த அபூர்வத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கண்வலிக்கிழங்கில் விதைக்குப் பஞ்சமே இல்லை.

அமுக்கராவில் வேறு தலைவலி. நாட்டு மருந்துக் கடைக்குத் தடித்த, மாவுள்ள, உடைத்தால் ‘டக்’ என்று உடையும் வேர் வேண்டும். சாறு எடுக்கும் ஆலைக்கு அதன் மருந்துச்சத்தான வித்தனோலைடு சதவீதம் வேண்டும், வேர் எப்படி இருந்தாலும் சரி. யாருக்கு விற்கப் போகிறோம் என்று தெரியாமல் ரகத்தைத் தேர்வு செய்யவே முடியாது.

கோல்சிசினை வைத்தே புது ரகம் உண்டாக்குகிறார்களாமே?

வேடிக்கை அதுதான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கம் இழுக்கும் கதிர்களைக் கோல்சிசின் உருவாகவிடாமல் தடுத்துவிடும். குரோமோசோம் இரட்டித்துவிடும், செல் மட்டும் பிரியாமல் நின்றுவிடும். 1937இல் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் ஊமத்தையில் இதைக் காட்டினார்கள். விதையில்லாத் தர்பூசணிக்குத் தாய்ச்செடி தயாரிப்பது இந்த முறையில்தான். உலகத்துப் பயிர்களையெல்லாம் மேம்படுத்தும் கருவியைத் தருகிற செடி, தனக்கென்று நல்ல ரகம் இல்லாமல் நிற்கிறது.

அப்படியானால் நானே விதையைக் கோல்சிசின் கரைசலில் ஊறவைத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். முகமூடி, கையுறை, ஆய்வக வசதி இல்லாமல் தொடவே கூடாது. அதோடு, குரோமோசோம் இரட்டித்தால் இலையும் பூவும் பருத்துத் தெரியும், விதை கட்டுவது குறையவும் கூடும். விதைதான் நமக்குக் காசு.

காட்டிலிருந்து கிழங்கு தோண்டி வந்து கலக்கலாமா?

குணவேறுபாடு காட்டில் நிறைய இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே பல இடங்களில் தோண்டித் தோண்டி அழித்துவிட்டார்கள். காப்புக்காட்டில் எடுப்பது சட்ட விரோதமும்கூட. காடு வேண்டாம், வேதாரண்யம் பக்கத்து மணல்வெளி விவசாயியிடம் நாலு கிழங்கு வாங்கி, நம் செம்மண்ணில் நட்டுப் பாருங்கள். அந்தக் கிழங்கை முதல் வருடம் தனியாகவே வையுங்கள். அழுகல் நோயையும் சேர்த்து வாங்கி வந்திருக்கலாம்.

நாளைக்கு ஈஸ்ட்டில் கோல்சிசின் தயாரித்துவிட்டால் நம் கதி?

பயம் நியாயமானதுதான். 2020இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நம் செங்காந்தளையே ஆராய்ந்து, கோல்சிசினைச் செடி எப்படிப் படிப்படியாகச் செய்கிறது என்று பெரும்பகுதியைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுக்களை ஒரு புகையிலை வகைச் செடியில் ஏற்றி, கோல்சிசினுக்கு முந்தைய பொருள் வரை வரவழைத்தும் காட்டினார்கள்.

ஆனால் ஆர்ட்டிமிசினினில் நடந்ததைப் பாருங்கள். 2013இல் சனோஃபி நிறுவனம் ஈஸ்ட் வழியாகப் பெரிய அளவில் தயாரிப்பைத் தொடங்கியது. செடியிலிருந்து எடுப்பது அதைவிட மலிவாகவே இருந்ததால், கடைசியில் ஆலையை விற்றுவிட்டது. செடி நின்றதற்கு நல்ல ரகங்களும் ஒரு காரணம். அதோடு, அந்த ஸ்டான்ஃபோர்டு கண்டுபிடிப்பு நமக்கும் பயன்படும். எந்த மரபணு சத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்தால், 4 வருடம் பூவுக்குக் காத்திருக்காமல் சிறு நாற்றிலேயே சோதித்துப் பிரிக்கலாம். அதை முதலில் யார் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நான் தேர்ந்தெடுத்த கிழங்கை வேறு யாராவது தன் பெயரில் பதிந்துகொண்டால்?

பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001இல் வந்தது. அறிவிக்கை செய்யப்பட்ட பயிர்களில் விவசாயியும் தன் ரகத்தைப் பதிவு செய்யலாம். உங்கள் பயிர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வேளாண் பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் நோட்டு முக்கியம். எந்த வருடம், எந்த வரப்பில், எந்த நம்பர், விதை எவ்வளவு என்று தேதியோடு எழுதி வைக்காதவருக்குச் சட்டம் உதவாது.

கிழங்கை மண்ணிலேயே விட்டு மறுவருடமும் முளைக்க விடுகிறேன். தேர்வுக்கு அது ஒத்து வருமா?

விற்பனைக்கான வயலில் தாராளமாக விடுங்கள், கூலி மிச்சம். ஒப்பீட்டு வரிசையில் மட்டும் தோண்டியே ஆக வேண்டும். எடை பார்க்காமல் எதையும் ஒப்பிட முடியாது. தோண்டும்போது மண்வெட்டியை நேராக இறக்காமல் பக்கவாட்டில் மண்ணைச் சரித்துக் கையால் எடுங்கள். கயிறு கட்டிய செடியின் முளை நுனி ஒடிந்து, ஒரு வருட வேலை அங்கேயே போனதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் மண்வெட்டி என் கையில்தான் இருந்தது.